அபராதம் கட்டினால் வழக்கு முடிந்துவிடுமா?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி வட்டாரத்துக் கல்லூரி வகுப்பறைகளில் பாதி பெஞ்சு காலியாகிவிடும். இருசக்கர வாகனங்களில் ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் போவார்கள். நானும் அப்படிப் போனவன்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சீசனில் என் அக்கா மகன் இரண்டு நண்பர்களோடு அருவிக்குப் போனான். மூவருக்கும் வயது 19. திரும்பும் வழியில் வாகனச் சோதனை. பையில் ஒரு குவார்ட்டர் பாட்டில், அதிலும் பாதி காலி. மூவரையும் நிலையத்துக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே கேட்ட முதல் கேள்வி, "குடிச்சியால?" அல்ல. "எந்த ஊருல? ஊருக்குள்ள எந்தத் தெரு?" என்பதுதான். ஒருவன் சொன்ன தெருவுக்கு உட்கார நாற்காலி கிடைத்தது. அவனுடைய பெரியப்பா யாருக்கோ போன் செய்தார். அரை மணி நேரத்தில் அவன் வீட்டுக்குப் போய்விட்டான். காலனி என்று சொன்ன மற்ற இருவர் மீதும் மதுவிலக்குச் சட்டத்தின்படி வழக்கு.

"மாமா, கோர்ட்டுல ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டேன். முடிஞ்சிருச்சு" என்றான். வழக்கறிஞர் யாரும் இல்லை. "ஒத்துக்கிட்டா அஞ்சு நிமிசம், இல்லாட்டி வருசக்கணக்குல அலையணும்" என்று நிலையத்தில் சொன்னார்களாம். வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம். ஒத்துக்கொண்டான்.

முடியவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் எழுத்து, ஓட்டம், கயிறு ஏறுதல் எல்லாவற்றிலும் தேறினான். முன்வரலாறு சரிபார்ப்பில் நிறுத்திவிட்டார்கள். குற்ற வழக்கில் தொடர்புடையவர் காவலர் பணிக்குத் தகுதியற்றவர் என்கிறது விதி. ஐயத்தின் பலனில் விடுதலையானவரையும் தொடர்புடையவராகவே கருதலாம் என்று 2008இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சொன்னது. விடுதலையானவனுக்கே இந்தக் கதி என்றால், ஒத்துக்கொண்டவனுக்கு என்ன மிஞ்சும்? பரம்பரை நிலமோ கடையோ இல்லாத நம் தெருக்களில் அரசு வேலைக்கான முதல் படி காவலர் தேர்வுதான். சில நூறு ரூபாய் ரசீதுக்கு அந்தப் படியை உடைத்துவிட்டார்கள்.

இந்த மதுவை விற்பது யார்? 2003 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை டாஸ்மாக்கின் கையில் இருக்கிறது. 2023-24இல் அதன்வழி அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். 21 வயதுக்குட்பட்டவருக்கு விற்கக் கூடாது என்பது 2003ஆம் ஆண்டுச் சில்லறை விற்பனை விதி. அந்த விதி பேசுவது விற்பவரைப் பார்த்து. 19 வயதுப் பையனின் பையில் பாட்டில் இருந்தால் முதலில் எழ வேண்டிய கேள்வி, எந்தக் கடை விற்றது என்பது. அந்தக் கேள்வியை அன்று யாரும் கேட்கவில்லை. புதுச்சேரியில் 18, தமிழ்நாட்டில் 21, புளியரை தாண்டி மலையேறினால் கேரளத்தில் 23 என்று ஆளுக்கொரு வயது வைத்திருக்கிறார்கள். வயது எதுவானாலும் மாட்டுகிறவன் தெரு மட்டும் மாறுவதில்லை.

இது என் வீட்டுப் புலம்பல் மட்டும் அல்ல. 2011 கணக்கெடுப்பின்படி இந்திய மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2019 சிறைப் புள்ளிவிவரத்தில் விசாரணைக் கைதிகளில் அவர்கள் 21 விழுக்காடு. குற்ற உணர்வு சாதி பார்த்துப் பிறப்பதில்லை. யாரை நிறுத்துவது, யாரை விடுவது, யாருக்காக வரும் போனை எடுப்பது என்பதில்தான் சாதி இருக்கிறது. ரிசார்ட் அறைக்குள் பெட்டி பெட்டியாக இறங்கும் மதுவை எந்த வாகனச் சோதனை திறந்து பார்க்கிறது?

சட்டம் முழுவதும் நமக்கு எதிரானது என்று சொல்லிவிட்டு ஒதுங்கவும் முடியாது. நமக்காக எழுதப்பட்ட பகுதிகள் அதில் இருக்கின்றன. நம் பிள்ளைகளிடம் அதை யாரும் சொல்வதில்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987, பிரிவு 12: பட்டியல் சாதி, பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், காவலில் இருப்போர் எல்லோருக்கும் வருமானக் கணக்குப் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 என்ற எண்ணை அழைத்தால் போதும். இது பிச்சை அல்ல, அரசியலமைப்பின் 39அ பிரிவு சொல்லும் கடமை.

சிறு அளவு மது வைத்திருந்ததாகச் சொல்லும் வழக்கில் உடனே கைது செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஏழாண்டுக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றங்களில் அழைப்பாணை கொடுத்து விசாரிக்கலாம். கைது செய்தால் ஏன் தேவைப்பட்டது என்று எழுத வேண்டும். 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35ஆவது பிரிவிலும் இது உண்டு. கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், வீட்டாருக்குத் தெரிவிக்க வேண்டும், விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்க விட வேண்டும்.

18 வயது ஆகாதவன் என்றால் சங்கதியே வேறு. அவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது. இளைஞர் நீதி விதிகளின்படி, பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகக் குற்றச்சாட்டு இல்லாத சிறு குற்றத்துக்கு முதல் தகவல் அறிக்கையே போடக் கூடாது. பொது நாட்குறிப்பில் எழுதி இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். பிற்காலத் தகுதியிழப்பும் அவனைத் தொடக் கூடாது என்கிறது 2015ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே பத்தாம் வகுப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஓடுங்கள். நிலையத்தில் குத்துமதிப்பாக எழுதும் வயதை நம்பாதீர்கள்.

18க்கும் 21க்கும் இடைப்பட்டவர்களுக்கு நன்னடத்தைச் சட்டம், 1958 இருக்கிறது. கண்டித்தோ நன்னடத்தை உறுதி பெற்றோ விடுவிக்க அதன் 3, 4ஆம் பிரிவுகள் வழி செய்கின்றன. அப்படி விடுவிக்கப்பட்டால் தண்டனையால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது என்கிறது 12ஆம் பிரிவு. காவலர் தேர்வுக்கு இது முழுக் கவசம் ஆகாதுதான். ஆனால் வெறும் அபராத ரசீதைவிட எவ்வளவோ மேல். பொய் வழக்கென்றால் மதுரை அமர்வில் ரத்து கேட்கவும் வழி உண்டு. என் அக்கா மகனுக்காக இதில் ஒரு வரியைக்கூட அன்று அந்த நீதிமன்றத்தில் யாரும் சொல்லவில்லை.

இப்போது நம் ஆட்களிடம் வருகிறேன். இந்த வேலையைப் பற்றிப் பேசினால், "குடிகாரப் பயலுக்கு எதற்குத் தோழர் சட்ட உதவி? நாம் டாஸ்மாக்கை மூடச் சொல்கிறவர்கள் அல்லவா?" என்கிறார்கள். மூடச் சொல்வோம். நம் தெருப் பெண்கள் குடியால் பட்ட பாட்டை நான் மறுக்கவில்லை. என் அக்காவே பட்டிருக்கிறாள். ஆனால் ஒரு வழக்கு யாரையும் குடியிலிருந்து மீட்டதில்லை. என் அக்கா மகன் இன்று குடிப்பது, வேலை கைநழுவிய பிறகு. அண்ணல் அம்பேத்கர் குடிக்காதவர்தான். அவர் வழக்கறிஞராகவும் இருந்தார். ஒழுக்கமானவனுக்கு மட்டும்தான் உரிமை என்றால் அதற்குப் பெயர் உரிமை அல்ல, நற்சான்றிதழ். அந்தச் சான்றிதழை நமக்கு யார் எழுதித் தரமாட்டார்கள் என்று நமக்குத் தெரியாதா?

ஆணவக் கொலைக்கும் வன்கொடுமைக்கும் வீதிக்கு வருகிறோம். வர வேண்டும். ஆனால் பாதி குவார்ட்டருக்காக ஒருவன் தலைமுறையின் முதல் சம்பளத்தை இழப்பது சத்தமில்லாமல் நடக்கிறது. அதற்குச் சுவரொட்டி இல்லை, கண்டனக் கூட்டம் இல்லை.

அடுத்த சாரலுக்குள் செய்யக்கூடியது இதுதான். தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் பக்கம் இருக்கும் தோழர்கள் ஒவ்வொரு விடுதியிலும் ஒரு மாலை கூடுங்கள். 15100ஐ எல்லோர் போனிலும் பதியச் சொல்லுங்கள். இரவில் நிலையத்துக்கு வரத் தயாராக இருக்கும் வழக்கறிஞர்களின் முறைப் பட்டியல் போடுங்கள். எவன் மாட்டினாலும் சொல்ல வேண்டிய ஒரே வாக்கியத்தைப் பழக்குங்கள்: "வக்கீல் வராம எதுலயும் கையெழுத்துப் போடமாட்டேன், எதையும் ஒத்துக்கமாட்டேன்." ஏற்கெனவே வழக்கு இருப்பவன் விண்ணப்பத்தில் அதை மறைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். சின்னஞ்சிறு வழக்குகளை வேலை தருபவர் பொருட்படுத்தாமல் விடலாம் என்று 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மறைத்து மாட்டினால் அதையும் பிடித்துக்கொள்ள முடியாமல் போகும்.

என் அக்கா மகனுக்கு நான் ஐந்து நிமிடம் தாமதமாகத்தான் மாமாவாக இருந்தேன். இன்னொருவனுக்கு நீங்கள் அப்படி இருக்காதீர்கள்.