கோழிக்குப் பார்த்த திசை நமக்கு வேண்டாமா?

நாமக்கல் வட்டாரத்தில் கோழிப் பண்ணை போடுபவர் முதலில் திசையைத்தான் பார்ப்பார். கொட்டகை கிழக்கு மேற்காக நீண்டிருந்தால், காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கங்களில் மட்டுமே விழும். நீளப் பக்கங்களில் கம்பிவலை அடித்துக் காற்றுக்கு வழி விடுகிறோம். கூரையை வெளியே நீட்டி வெயிலையும் சாரலையும் தடுக்கிறோம். வெப்பம் கூடினால் கோழி தீவனத்தைக் குறைக்கும், முட்டை குறையும், கோழி செத்தும் போகும் என்பது நமக்குத் தெரியும்.

அதே தோட்டத்தில் கட்டும் வீட்டுக்கு இந்தக் கணக்கைப் போடுகிறோமா? மேற்குச் சுவரில் பெரிய ஜன்னல் வைக்கிறோம். மனையில் நின்ற வேம்பை வெட்டுகிறோம். மேலே வெறும் கான்கிரீட் தளம். சித்திரையில் இங்கு சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. பகலெல்லாம் தளம் வாங்கிய வெப்பம் இரவில் வீட்டுக்குள் இறங்குகிறது. வெயிலில் வேலை செய்த உடம்பு இரவில் குளிர்ந்தால்தான் தேறும். வயதானவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இந்த வெக்கை ஆபத்து.

கொங்கு நாட்டின் தொட்டிக்கட்டு வீடுகளில் நடுவாசல் வழியே வெப்பம் மேலேறி வெளியேறும். ஆசாரத்தின் நிழல் சுவரைக் காக்கும். அப்படியே கட்ட வேண்டியதில்லை. அதன் அறிவை எடுத்துக்கொண்டால் போதும்.

புதிதாகக் கட்டுவோர் வீட்டைக் கிழக்கு மேற்காக நீட்டுங்கள். மனை இடம் தராவிட்டால் குளியலறை, மாடிப்படி, சாமான் அறையை மேற்கில் தள்ளுங்கள். வடக்கிலும் தெற்கிலும் ஜன்னல்களை எதிரெதிரே வைத்து, மேலே 2 அடி சன்ஷேடு விடுங்கள். சுவரிலிருந்து 15 முதல் 20 அடி தள்ளி, மேற்கே வேம்போ புங்கனோ நடுங்கள்.

ஏற்கெனவே கட்டியவர்கள் கோடைக்கு முன் மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசலாம். பெரும்பகுதி வெயில் திரும்பிவிடும். மேற்குச் சுவரை ஒட்டிப் பந்தல் போட்டுப் பீர்க்கனோ அவரையோ ஏற்றினால் நிழலும் கிடைக்கும், காயும் கிடைக்கும். 1,000 சதுர அடி மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 9,000 லிட்டர் தண்ணீர். மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு 2003-லேயே கட்டாயமாக்கியது. குழாய் அடைத்திருந்தால் இப்போதே சுத்தம் செய்யுங்கள்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாட்டுக் கொட்டகைக்குத் திசை சொல்லும் நீங்கள், கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீடு கட்டுபவரிடமும் அதைச் சொல்லுங்கள். சின்ன வீட்டில் ஒதுங்க வேறு அறை இருக்காது. வெக்கை அங்குதான் அதிகம் வாட்டும்.

வானம் தோண்டிய பிறகு திசையை மாற்ற முடியாது. மேஸ்திரி கயிறு பிடிக்கும் முன், ஒருநாள் பிற்பகல் 3 மணிக்கு மனையில் நின்று வெயிலும் காற்றும் எந்தப் பக்கமிருந்து வருகின்றன என்று பாருங்கள். வரைபடத்தை அதன்பிறகு போடுங்கள்.