பள்ளிக்கூடத்துல இந்த "ஆணா பெண்ணா" பட்டிமன்றத்தை நிறுத்துங்க

(நீளமான இழை. பெற்றோர்களும் டீச்சர்களும் கொஞ்சம் பொறுமையா கடைசி வரை படிங்க.)

மார்ச் 8 நெருங்கினா போதும், நம்ம ஊர் பள்ளிகள்ல ஒரு பட்டிமன்றம் நிச்சயம். குடும்பத்துக்காக அதிகம் தியாகம் செய்வது அப்பாவா, அம்மாவா? பொறுப்பு மிக்கவர்கள் ஆண்களா, பெண்களா? பையன்கள் ஒரு பக்கம், பொண்ணுங்க ஒரு பக்கம். மாமியார் ஜோக் ரெண்டு, சேலைக்கடை ஜோக் மூணு. கடைசியில நடுவர் எழுந்து "இருவரும் வண்டியின் இரு சக்கரங்கள்"னு தீர்ப்பு சொல்வார். பொன்னாடை, குரூப் போட்டோ, கலைஞ்சு போயிடுவோம்.

இதுல என்ன டாக்டர் தப்பு, பசங்க மேடையேறிப் பேசிப் பழகட்டுமேன்னு கேப்பீங்க. சொல்றேன்.

கொரட்டூர்ல கிளினிக் வெச்சிருக்கேன். பக்கத்துல ஒரு பள்ளியில என்னை நடுவரா கூப்பிட்டிருந்தாங்க. எட்டாவது படிக்கிற பொண்ணு மைக்கைப் பிடிச்சு, "எங்க எல்லாருக்கும் போட்டது போக மிச்சம் இருந்தாத்தான் எங்கம்மா சாப்பிடுவாங்க, அதனால அம்மாதான் உயர்ந்தவர்"னா. ஹாலே கைதட்டுச்சு. எதிரணிப் பையன் விடல. "எங்கப்பா அழுது நான் பார்த்ததே இல்லை"ன்னான். அதுக்கும் கைதட்டல்.

மருத்துவரா எனக்கு வேற மாதிரி கேட்டுச்சு. முதல் வாக்கியம் ரத்தசோகைக்கான காரணம். ரெண்டாவது, மனச்சோர்வை மறைக்கிற பழக்கம். ரெண்டையும் பெருமையாக்கி பரிசு குடுத்து அனுப்புறோம். அந்தப் பொண்ணு நாளைக்கு தன் வீட்டுல கடைசியா சாப்பிடத்தானே செய்வா?

அம்பத்தூர் எஸ்டேட்டுல ஷிஃப்ட் முடிச்சு, வர்ற வழியில காய்கறி வாங்கிட்டு, "படி ஏறினா மூச்சு வாங்குது டாக்டர்"னு வர்ற அம்மாக்களை வாரம் நாலு பேராவது பார்க்கிறேன். டெஸ்ட் எடுத்தா ஹீமோகுளோபின் 8, 8.5. கூட வந்த பொண்ணோட கீழ் இமையை இழுத்துப் பார்த்தா அதுவும் வெளுத்திருக்கும். மட்டன் எடுத்த அன்னைக்கு யாருக்கு எத்தனை துண்டுன்னு கேட்டா, "அவருக்கும் தம்பிக்கும் வெச்சது போக..."ன்னு ஆரம்பிப்பாங்க.

இது என் கிளினிக் கதை மட்டும் இல்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 31.1. இத்தனைக்கும் ஆணுக்கு 13 கிராமுக்குக் கீழே போனாலே ரத்தசோகைன்னு கணக்கு. பெண்ணுக்கு 12க்குக் கீழே போனாத்தான். அளவுகோலைக் குறைச்சு வெச்சும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு!

உடனே ஒருத்தர் வருவார். "மாதவிடாய் இயற்கை டாக்டர், அதுக்கு சமூகம் என்ன பண்ணும்?" நல்ல கேள்வி. ஒரு மாதவிடாய்ல சராசரியா 30-40 மில்லி ரத்தம் போகுது. ஒரு மில்லிக்கு அரை மில்லிகிராம்னு வெச்சா 15-20 மில்லிகிராம் இரும்புச்சத்து. ஆக, வளர்ற பையனை விட வளர்ற பொண்ணுக்குத்தான் முட்டையும் ஈரலும் கீரையும் முதல்ல தட்டுல விழணும். இயற்கை கூடுதலா கேக்குது, நாம குறைச்சு வைக்கிறோம். இதுல இயற்கையைக் குத்தம் சொல்லி என்ன பிரயோஜனம்?

கருத்தடையும் இதே கதைதான். அதே ஆய்வுல, திருமணமான 15-49 வயதுப் பெண்களில் 37.9 சதவீதம் பேர் தாங்கள் ஆபரேஷன் செஞ்சிருக்காங்க. கணவர் செஞ்சுக்கிட்டதா சொன்னவங்க 0.3 சதவீதம். பெண்ணுக்கு வயித்தைத் திறக்கணும். ஆணுக்கு மரத்துப்போற ஊசி போட்டு, கொஞ்ச நேரத்துல முடிச்சு, அன்னைக்கே வீட்டுக்குப் போகலாம். ஆண்மையும் போகாது, பலமும் குறையாது. (இதை எழுதினதும் இன்பாக்ஸ்ல திட்டு வரும். வரட்டும்.)

இப்ப வகுப்பறைக்கு வருவோம். 2021 டிசம்பர் 11, சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வு ஞாபகம் இருக்கா? மனைவிமார் சுதந்திரம் பெற்றதாலதான் பிள்ளைகள் மேல பெற்றோருக்குப் பிடி போச்சுங்கிற தொனியில ஒரு பத்தி வந்துச்சு. நாடாளுமன்றத்துல சோனியா காந்தி எழுப்பினாங்க. வாரியம் அந்தப் பத்தியை நீக்கி எல்லாருக்கும் முழு மதிப்பெண் குடுத்துச்சு. நீக்கினது சரிதான். ஆனா அதுக்கு அடுத்த வாரம் எத்தனை பள்ளியில அந்தப் பத்தியைப் போர்டுல எழுதி, "இது ஏன் தப்பு? யாராவது மறுத்துப் பேசுங்க"ன்னு கேட்டிருப்பாங்க? கைக்கு வந்த விவாதத்தை மார்க் போட்டு மூடிட்டோம்.

கேரளாவுல 2024ல மூணாம் வகுப்புப் புத்தகத்துல அப்பா சமையலறையில தேங்காய் துருவுற படம் போட்டாங்க. ஒரு படம்தான். அதைப் பார்த்துட்டு வீட்டுக்கு வந்து "நீ ஏன்ப்பா துருவுறதில்லை"ன்னு ஒரு குழந்தை கேக்கும்ல, விவாதம் அங்கதான் தொடங்குது.

யார் உயர்ந்தவர்னு கேட்டா அளக்க முடியாது, அதனாலதான் நடுவர் தப்பிச்சுக்கிறார். அளக்கக்கூடியதைக் கேளுங்க. நேத்து வீட்டுல முதல்ல எழுந்தது யாரு, கடைசியா சாப்பிட்டது யாரு, தண்ணி பிடிச்சது, பாத்திரம் கழுவினது யாருன்னு ஒவ்வொரு பிள்ளையும் பேர் போடாத சீட்டுல எழுதட்டும். எண்ணிக்கையைப் போர்டுல போடுங்க. பக்கத்துல 2019 தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வையும் எழுதுங்க: சம்பளமில்லாத வீட்டு வேலை செய்றவங்கள்ல பெண்கள் செலவழிக்கிறது ஒரு நாளைக்கு 299 நிமிஷம், ஆண்கள் 97. அப்புறம் தலைப்பு: "நம்ம வகுப்பு வீடுகள்ல வேலை நியாயமா பிரிஞ்சிருக்கா?" "இல்லை"ங்கிற அணியில பையன்களைப் போடுங்க. நடுவர் கட்டாயம் ஒரு பக்கம் தீர்ப்பு சொல்லணும், ரெண்டு சக்கரம் கதை செல்லாது.

"ஆம்பளைங்க கஷ்டம் உங்க கண்ணுக்குத் தெரியலையா?"ன்னு கமெண்ட் டைப் பண்றவங்களுக்கு: நல்லாவே தெரியுது. இந்தியாவில் தற்கொலை செய்றவங்கள்ல பத்துக்கு ஏழு பேர் ஆண்கள். நெஞ்சு படபடப்புன்னு வந்து, இசிஜி நார்மல்னு சொன்னதும், கதவைச் சாத்திட்டு அழுத அப்பாக்களை எனக்குத் தெரியும். "அழுது பார்த்ததே இல்லை"ங்கிறதுக்குக் கைதட்டினோமே, அந்த அப்பாதான் இவர். யாருக்காவது தேவைப்பட்டா 14416, டெலி மானஸ், இலவசம், தமிழ்ல பேசலாம்.

டீச்சர்களுக்கு: அந்தச் சீட்டுக் கேள்விகளை டைப் பண்ணி வெச்சிருக்கேன். கமெண்ட்ல கேளுங்க, அனுப்புறேன். கொரட்டூர், பாடி, பட்டரவாக்கம் பக்கம்னா நானே வரேன். பொன்னாடை வேண்டாம்.