ஸ்கைலாப்: நகைத்தவர்களும் அஞ்சியவர்களும்

1979 ஜூலையில் அரநாயக்கத் தோட்ட லயங்களில் சில இரவுகள் எவரும் நிம்மதியாக உறங்கவில்லை. வானத்திலிருந்து ‘ஸ்கைலாப்’ விழப்போகிறது என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. பெரியவர்கள் மாரியம்மனுக்கு விளக்கேற்றினர். சிறுவர்களாகிய எங்களை வாசலில் விளையாட விடவில்லை. பின்னாளில் பத்திரிகையாளனாகி, அந்த இரவுகளைப் ‘படிப்பறிவற்றோரின் பீதி’ என்று எழுதி வாசகர்களைச் சிரிக்க வைத்தவர்களுள் நானும் ஒருவன். அந்தச் சிரிப்பு தவறானது என்பதே இன்று என் வாதம்.

விண்வெளி நிலையங்களின் தொடக்க வரலாற்றைச் சற்றே புரட்டிப் பாருங்கள். உலகின் முதல் நிலையமான சோவியத் ஒன்றியத்தின் சல்யூட்-1, 1971 ஏப்ரல் 19 அன்று ஏவப்பட்டது. அதில் 23 நாள் தங்கித் திரும்பிய தொப்ரவோல்ஸ்கி, வோல்கோவ், பத்சாயெவ் ஆகிய மூவரும் கலத்தின் காற்று வெளியேறியதால் வழியிலேயே மாண்டனர். அந்தத் துயரத்துக்குப் பின்னரும் அந்நிலையத்தை வானில் அநாதையாக விடவில்லை. அதே ஆண்டு அக்டோபர் 11 அன்று கட்டளை அனுப்பிப் பசிபிக் கடலில் விழச் செய்தனர். ஆகவே, ஏற்றியதைப் பத்திரமாக இறக்கும் வழி அப்போதே தெரிந்திருந்தது.

ஆனால் 1973 மே 14 அன்று அமெரிக்கா ஏவிய, ஏறத்தாழ 77 தொன் எடையுள்ள ஸ்கைலாபுக்கு, தன்னைத்தானே இறக்கிக்கொள்ள ஓர் இயந்திரம் பொருத்தப்படவில்லை. மூன்று குழுவினர் முறையே 28, 59, 84 நாட்கள் தங்கிய பின், 1974 பெப்ரவரியில் அது கைவிடப்பட்டது. விண்ணோடம் சென்று அதை உயர்த்தும் என்று நம்பினர். விண்ணோடம் பறந்ததோ 1981இல்! அதற்குள் சூரியச் செயற்பாடு மிகுந்து மேல் வளிமண்டலம் விரிய, நிலையம் கீழிறங்கியது.

எவரேனும் ஒருவர் மீது சிதைவு விழ 152இல் ஒரு வாய்ப்பு உண்டு என்று நாசாவே கணக்கிட்டிருந்தது. பூமத்திய ரேகைக்கு இருபுறமும் 50 பாகை வரை அதன் பாதை; அதற்குள் எங்கள் மலைகளும் அடக்கம். ஜூலை 11 அன்று ஆபிரிக்காவின் தென்முனைக்கு அப்பாலுள்ள கடலைக் குறிவைத்தார்கள். சிதைவுகள் மேற்கு அவுஸ்திரேலியா வரை சென்று விழுந்தன. ஒருவருக்கும் காயமில்லை. அது நற்பேறு, திறமை அன்று. நிபுணர்களின் கணக்கு பிசகியிருக்க, விளக்கேற்றிய மூதாட்டியை மட்டும் நகைப்பது என்ன நீதி?

சோவியத்தும் பின்னர் சளைக்கவில்லை. 1984இல் ராகேஷ் சர்மா தங்கிய சல்யூட்-7, 1991 பெப்ரவரியில் கட்டுப்பாடின்றி ஆர்ஜென்டீனா மீது சிதறியது. 2021 மே மாதத்தில் சீன ஏவூர்தியொன்றின் பெருங்கூடு மாலைதீவுக்கு அருகே கடலில் விழுந்தது. நமக்கு அது தொலைவா?

1972இன் சர்வதேசப் பொறுப்பு உடன்படிக்கை, தரையில் சேதம் விளைந்தால் ஏவிய நாடே இழப்பீடு தரவேண்டும் என்கிறது. நன்று, ஆனால் இழப்பீடு விழுந்த பின்னர் வருவது. விழாதிருக்க வழி செய்வதே முதற்கடன். இன்று சர்வதேச விண்வெளி நிலையத்தை இறக்குவதற்கென்றே தனிக் கலம் கட்ட நாசா 2024இல் ஒப்பந்தம் செய்திருக்கிறது. லயத்து மக்கள் 1979இல் கேட்ட கேள்விக்குக் காலந்தாழ்ந்து கிடைத்த பதில் அது.

2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். தலைக்கு மேல் இருப்பது ஒருநாள் கீழே வரக்கூடும் என்பது மலையடிவாரத்தில் வாழ்வோருக்குப் பாடநூல் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவர்களது அச்சத்தை நகைப்பதை விடுத்து, ‘இதை மேலே வைத்தவர் யார்?’ என்று கேட்டிருக்க வேண்டியது பத்திரிகையாளனின் வேலை. நான் அன்று கேட்கவில்லை.