கோலும் அதன் சொல்லும்

கோலைப் பற்றக் கை போதும். ஆனால், அக் கோலாடலை ஒரு தலைமுறை மற்றொரு தலைமுறைக்குக் கையளிக்கச் சொல் வேண்டும். கையில் கோல் இருந்து, நாவில் அதற்குரிய சொல் இல்லையாயின், அங்கே ஆடப்பெறுவது தமிழர் சிலம்பம் ஆகாது. கழி சுழற்றும் உடற்பயிற்சி என்ற அளவிலேயே அது நின்றுவிடும். இன்று சிலம்பத்திற்கு வந்துற்ற நன்மையையும், அதன் நிழலாகத் தொடர்ந்து வரும் கேட்டையும் இவ்வோர் உண்மையைக் கொண்டே அளந்தறிதல் வேண்டும்.

வந்துற்ற நன்மைகள் சிறியன அல்ல. விளையாட்டில் சிறந்தார்க்கு அரசுப் பணிகளில் வழங்கப்பெறும் 3 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் தமிழக அரசு சிலம்பத்தையும் சேர்த்துள்ளது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் சிலம்பமும் இடம்பெற்றது. 2024 சனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய நகரங்களில் நடைபெற்ற அனைத்திந்திய இளையோர் விளையாட்டு விழாவில் அது காட்சி விளையாட்டாக வைக்கப்பெற்றது. கம்பெடுத்தவன் வம்பன் என்று ஒதுங்கிய காலம் போய், பெற்றோர் தம் பெண்மக்களையும் பயிற்சித் திடலுக்கு அழைத்து வரும் காலம் வந்துள்ளது. ஊர்த் திருவிழாவில் ஆண்டுக்கு ஒருநாள் தலைகாட்டிய கலை, பள்ளித் திடலில் நாள்தோறும் ஒலிக்கத் தொடங்கியுள்ளது. தமிழுணர்வுடையார் எவரும் மகிழத்தக்க மாற்றமே இது.

ஆயினும், அவ்விளையாட்டு விழாவிற்கு இடப்பெற்ற பெயர் யாது? 'கேலோ இந்தியா' என்பது. விளையாடுக என்பதை இந்தியில் சொன்ன சொல் அது. தமிழ் மண்ணில், தமிழர் திடலில், தமிழர் கலையே அயன்மொழிப் பெயரின் கீழ் நின்றுதான் தன்னைக் காட்டிக்கொள்ள நேர்ந்தது. இது சிறு செய்தி அன்றோ என்று கேட்பார் உளர். சடுகுடுவுக்கு நேர்ந்ததை அறிந்தவர் அவ்வாறு கேளார்.

சடுகுடு ஒரு காலத்தில் பாட்டோடு கூடிய விளையாட்டாக இருந்தது. மூச்சை அடக்கி எதிரணிக் களத்துள் புகுவோன் பாடிச் சென்ற பாட்டு ஊருக்கு ஊர் வேறுபட்டது. எள்ளலும் அறைகூவலும் எதுகையும் மோனையும் அதனுள் இருந்தன. எழுத்தறியாச் சிறுவனும் அப்பாட்டால் யாப்பின் ஓசையைக் காதாலேயே கற்றான். பின்னர் அவ்விளையாட்டுக்கு அனைத்திந்திய அமைப்பு உண்டாயிற்று. பொது விதிகள் உண்டாயின. 1990-இல் பெய்சிங்கில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் அதற்கு இடமும் கிடைத்தது. விளையாட்டு வளர்ந்தது, பெயர் வீழ்ந்தது. விதிநூல் 'கபடி' என்னும் ஒரே சொல்லை மூச்சுவிடாமல் ஓதச் சொன்னது. அச்சொல்லையே தமிழ்ச் சிறுவனும் ஓதினான். இன்று சடுகுடு என்றால் விழிக்கும் பிள்ளைகள் தமிழகத்தில் உள்ளனர். சடுகுடுப் பாட்டுகளை முழுமையாக அறிந்த முதியோர் ஒருவர் பின் ஒருவராக மறைகின்றனர். பதக்கம் வந்தது, பாட்டுப் போனது. பாட்டைக் காத்துக்கொண்டே பதக்கமும் பெற்றிருத்தல் இயலாததா? இயலும். காக்க வேண்டும் என்று நினைப்பார் உரிய காலத்தில் இல்லாமையே குறை.

இவ்வுண்மை தமிழர்க்கு மட்டும் உரியதன்று. வட அத்திலாந்திக்குப் பெருங்கடலின் ஓரத்தில், இசுக்காட்லாந்தைச் சார்ந்த தீவுகளில் கேலிக் மொழி பேசும் மக்கள் வாழ்கின்றனர். வளைகோலால் பந்தடிக்கும் ஆட்டம் ஒன்று அவர்க்கு உண்டு. கேலிக்கில் வளைந்தது என்று பொருள்படும் 'கம்' என்னும் சொல்லினின்று கோலுக்குக் 'கமன்' என்றும், கோலாட்டத்திற்குக் 'கமனக்கு' என்றும் பெயர் அமைந்தன. (தமிழில் உள்ள கம்போடு ஒலி ஒத்திருத்தல் கண்டு உறவு கொண்டாட வேண்டா, ஒலியொப்புமை ஒன்றே சொல்லாராய்ச்சி ஆகாது.) புத்தாண்டு நாளில் ஊரும் ஊரும் எதிர்நின்று கடற்கரை வெளியில் ஆடிய ஆட்டம் அது. மரம் அரிதாகிய தீவுகளில் கடற்பாசியின் தண்டையே கோலாகக் கொண்டு ஆடினர் என்றும் கூறுவர். மரம் இல்லாத இடத்திலும் ஆட்டம் இருந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது.

அம்மக்கள் 1745-இல் பிரித்தானிய அரசை எதிர்த்தெழுந்து, 1746-இல் தோற்றபின், படைக்கலம் வைத்திருத்தல் குற்றம் எனச் சட்டம் இயற்றப்பெற்றது. 1872-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் அவர்தம் தாய்மொழிக்கு இடமே தரப்படவில்லை. 1891-இல் ஏறத்தாழ இரண்டரை இலக்கமாக இருந்த கேலிக் பேசுவோர் தொகை, 2011-இல் ஐம்பத்தேழாயிரம் அளவிற்குச் சுருங்கிற்று. மொழி சுருங்கிய அதே காலத்தில் இலூயிசு போன்ற தீவுகளில் கோலாட்டமும் அருகி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. அந்நூற்றாண்டின் இறுதியில் இலூயிசுத் தீவினர் அதனை மீட்டெடுத்தனர். சிறுவர்க்குக் கோல் கொடுத்துக் கற்பித்தனர், குழு அமைத்தனர், கடல் கடந்து சென்று பெருநிலத்துக் குழுக்களோடு ஆடினர். 1893-இல் தோன்றி அவ்விளையாட்டை இன்றும் ஆளும் கழகம் தன் பெயரில் கமனக்கு என்னும் கேலிக் சொல்லையே தாங்கி நிற்கிறது. மீட்டெடுத்த தீவின் குழுவும் அவ்வாறே பெயர் பூண்டது. ஐம்பத்தேழாயிரவர் அளவிற்குச் சுருங்கிய மொழிக்கு இருந்த துணிவு, எட்டுக் கோடிப்பேர் பேசும் தமிழுக்கு இல்லாமற்போவதா?

தமிழகத்திலும் கோலின் வரலாறு ஏறக்குறைய அதே வழியில் நடந்துள்ளது. இராசபாளையத்தை அடுத்த சேத்தூரும் கொல்லங்கொண்டானும் முற்காலத்தில் பாளையங்களாக விளங்கியவை. கட்டபொம்மன் 1799-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பெற்றார். அதன்பின் மூண்ட தென்னாட்டுக் கிளர்ச்சியும் ஒடுக்கப்பெற்றது. 1801 திசம்பர் முதல் நாள் சென்னை ஆளுநர் கிளைவு வெளியிட்ட அறிக்கை, பாளையத்து மக்கள் படைக்கலம் ஏந்துதலைத் தடுத்தது. கோட்டைகளை இடிக்கவும் ஆணையிட்டது. வேலும் வாளும் துமுக்கியும் பறிபோயின. மூங்கிற்கழியை எவ்வாறு பறிப்பது? உழவன் கையிலும் ஆயன் தோளிலும் கிடப்பது அது. படைக்கலம் போயிற்று, கோல் எஞ்சிற்று. அக்கோலுள் படைப்பயிற்சி விளையாட்டாக ஒடுங்கி உயிர் வாழ்ந்தது.

அவ்வாறு உயிர் வாழ்ந்தது வெறுங்கையசைவாக அன்று, சொல்லாகவும் வாழ்ந்தது. சிலம்புதல் என்றால் ஒலித்தல். கோல் காற்றைக் கிழிக்கும் ஒலியும், கோலொடு கோல் மோதும் ஒலியும் கலைக்குப் பெயராயின என்பது பொருந்தும். சிலம்பு என்பதற்கு மலை என்றும் பொருளுண்டு. காலடி, சுவடு, வீச்சு, அடவு, தடுப்பு என்று அக்கலையின் உறுப்புகள் ஒவ்வொன்றும் தூய தமிழ்ப்பெயர் உடையவை. துடுக்காண்டம், குறவஞ்சி, மறக்காணம், பனையேறிமல்லு, நாகதாளி, கள்ளன்கம்பு எனச் சிலம்ப வகைகள் பல. பனையேறிமல்லு என்ற பெயரைக் கேட்ட அளவில், பனையேறும் தொழிலாளனும் அக்கலைக்கு உரியவனாய் இருந்தமை விளங்குகிறது. இப்பெயர்கள் வெறும் அடையாளங்கள் அல்ல. யார் ஆடினர், எங்கு ஆடினர், எதைக் கண்டு ஆடினர் என்பதைக் காட்டும் வரலாற்று ஏடுகள். வேறு எந்த ஏட்டிலும் எழுதப்பெறாத வரலாறு இவற்றுள் கிடக்கிறது.

இன்று போட்டி அழைப்பிதழ்களை எடுத்துப் பார்ப்பார்க்குச் 'சிங்கிள் இசுடிக்கு', 'டபுள் இசுடிக்கு', 'ஓப்பன் சாம்பியன்சிப்பு' என்னும் சொற்களே கண்ணில் படுகின்றன. ஆசான் என்னும் அருமைச் சொல்லிருக்கக் 'கிராண்டு மாசுட்டர்' ஆவதில் சிலர்க்குப் பெருமை. ஒற்றைக்கோல், இரட்டைக்கோல் என்றால் மதிப்பெண் குறைந்துவிடுமா? பொதுப்போட்டி என்றால் பரிசுக் கோப்பை சிறுத்துவிடுமா? தொடக்க வணக்கமாகிய 'சலாவரிசை'யைக்கூட வணக்கவரிசை என்று வழங்கலாம். நூற்றாண்டுகளுக்கு முன் கலந்த ஒரு சொல்லையே களைய வேண்டியிருக்க, புதிதாய்ப் பத்துச் சொற்களை வலிந்து விதைப்பது எவ்வகை அறிவுடைமை?

இத்தகைய மீட்சிக்குத் தலைநகரில் கூடும் மாநாடுகளைக் காட்டிலும் வத்திராயிருப்பு போன்ற ஊர்களே தக்க களம். மேற்கே வானளாவிய மலைத்தொடர். அதன் அடியில் பிளவக்கல் அணை. சதுரகிரிக்குச் செல்லும் வழி. நெல்வயலும் தென்னந்தோப்பும் கண்மாயும் சூழ்ந்த ஊர். மலையைச் சிலம்பு என்று வழங்கிய மொழிக்கு, மலையடியூரில் சிலம்பம் பயிலுதலைக் காட்டிலும் பொருத்தம் வேறு யாது? வட்டாரத்துச் சிற்றூர்களில் கோல் பிடித்த முதியோரைத் தேடிக் காணுதல் அங்குள்ள தமிழாசிரியர்க்கும் இளைஞர்க்கும் அரிதன்று. அவர் அறிந்த அடவு எத்தனை, ஒவ்வொன்றுக்கும் அவர் வழங்கும் பெயர் யாது, கற்பிக்கும்போது சொல்லும் கட்டளைச் சொல் யாது என்பவற்றை அவர் வாய்மொழியாகவே எழுதி வைத்தல் வேண்டும். கையடக்கப் பேசியில் படம்பிடிக்க இன்று எவராலும் இயலும். ஆனால் படம் அசைவைத்தான் காட்டும், பெயரைச் சொல்லாது. படமும் பெயரும் சேர்ந்தால்தான் கலை முழுமையாகக் கைவரும். ஓர் ஆசான் மறையும்போது எழுதப்பெறாத ஒரு சொல்லகராதி அவரோடு மண்ணுக்குள் போகிறது என்பதை மறத்தலாகாது.

கோலுக்கும் வழி தேட வேண்டும். திருவில்லிபுத்தூர் – மேகமலைக் காடு 2021 முதல் புலிகள் காப்பகம். அங்கே கழி வெட்டுதல் ஆகாது, ஆகாமையே நன்று. ஆனால், காட்டுக்குப் புறத்தே வளரும் மூங்கிலை மரம் என்னும் வரையறையினின்று 2017-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் நீக்கிவிட்டது. ஆகவே, உழவர் தம் சொந்த நிலத்தில் வளர்த்த மூங்கிலை வெட்டுவதற்கு இருந்த பழைய தடை அகன்றது. உள்ளீடு செறிந்த கல்மூங்கில் வறண்ட நிலத்திலும் வளர்வது. தோட்ட வேலியோரம் சில தூறுகள் நட்டால், சில ஆண்டுகளில் அவை கழி தரத் தொடங்கும். மூன்று நான்கு ஆண்டு முற்றிய கழியைத் தேர்ந்து, தீயில் வாட்டி நிமிர்த்தி, எண்ணெய் ஊட்டினால், நெற்றியளவு உயர்ந்த நல்ல கோல் ஊரிலேயே கிடைக்கும். கடற்பாசித் தண்டைக் கோலாக்கிய தீவினரை நினைப்பார்க்கு இது பெரும்பணி அன்று.

இருவகைக் குற்றங்கள் இம்மீட்சியைக் கெடுக்க வல்லவை. அவற்றையும் மறையாமல் சொல்லுதல் கடமை. ஒன்று, சான்றில்லாப் பெருமை. சிலம்பம் ஐயாயிரம் ஆண்டுத் தொன்மையது, பத்தாயிரம் ஆண்டுத் தொன்மையது என்று சான்று காட்டாமல் மேடைதோறும் முழங்குவோர் கலைக்குத் துணை செய்வோர் அல்லர். பொய்யான ஒரு சான்று நுழைந்தால், மெய்யான பத்துச் சான்றும் ஐயத்துக்கு உள்ளாகும். இருக்கும் பெருமை போதும். அதற்கு அகவை கூட்ட வேண்டா.

மற்றொன்று, சாதி. இன்ன தெருவார்க்கே கற்பிப்பேன், இன்னார்க்குக் கற்பிக்கேன் என்று கலையை ஒளித்து வைத்தமையாலேயே பல அடவுகள் வழியற்று அழிந்தன. பனையேறியின் பெயரும் குறவர் பெயரும் தாங்கிய கலைக்குத் தெருவேலி இடுதல் எவ்வாறு பொருந்தும்? ஈழத்தின் கீழைக்கரையில் இசுலாமியத் தமிழரும் சிலம்படியைப் போற்றி வந்துள்ளனர். தோட்டத் தொழிலாளராய்க் கடல் கடந்த எளிய மக்களே அதனை மலேசியாவுக்கும் கொண்டு சென்றனர். கடலே தடுக்காத கலையைத் தெரு தடுப்பதா? ஆணும் பெண்ணும், எத்தெருவாரும் எச்சமயத்தாரும் ஒரே திடலில் நின்று ஒரே தமிழ்க் கட்டளைக்குக் கால் பெயர்க்கும் நாளே சிலம்பம் மீண்ட நாள்.

ஆகவே, செய்ய வேண்டுவன தெளிவு. போட்டி நடத்துவோர் அழைப்பிதழ் முதல் சான்றிதழ் வரை தமிழில் அமைக்கட்டும். விதிநூல் தமிழில் எழுதப்பெற்று, அயலார்க்கு வேண்டின் அதனினின்று பிறமொழிக்குப் பெயர்க்கப்படட்டும். அனைத்திந்திய அரங்கிலும் உலக அரங்கிலும் சிலம்பம் ஏறட்டும். ஏறும்போது அதன் அடவுப் பெயர்களும் உடன் ஏறட்டும். சப்பானியர் தம் மல்லாடற் பெயர்களைச் சப்பானிய மொழியிலேயே உலகத்தாரை ஒலிக்கச் செய்துள்ளனர். உலகமும் தயங்காமல் ஒலிக்கிறது. தமிழ்ச் சொல்லை ஒலிக்க உலகத்தார் நாவுக்கு வலிமை குறைவில்லை. ஒலிக்கச் செய்யத் தமிழர் நெஞ்சுக்கே வலிமை வேண்டும்.

சடுகுடுவை இழந்தது அறியாமையால். சிலம்பத்தையும் அவ்வாறே இழந்தால் அதற்கு அறியாமை என்று பெயரிட இயலாது. கோல் மீண்டும் தமிழன் கைக்கு வந்துள்ளது. அதன் சொல்லும் அவன் வாய்க்கு வருக!