கிழிந்த டாலர்

கின்ஷாசா நகரத்துக் கடைக்காரரிடம் ஒரு டாலர் தாளை நீட்டினால், அதன் மதிப்பைப் பார்க்குமுன் அவர் அதன் ஓரங்களைத் தடவிப் பார்ப்பார். நூலளவு கிழிசல் இருந்தாலும் தாள் திரும்பி வந்துவிடும். துணிபோல் நைந்து அழுக்கேறிய காங்கோ பிராங்குத் தாளோ மறுபேச்சின்றிக் கைமாறும். அந்நியப் பணத்துக்கு அப்பழுக்கில்லாத தூய்மையை விதிக்கும் இந்த வழக்கத்தைக் கண்டு முதலில் நமக்கும் சிரிப்பே வந்தது.

காங்கோ ஜனநாயகக் குடியரசில் வீட்டு வாடகையும் வண்டி விலையும் பெரும்பாலும் டாலரில் பேசப்படுகின்றன; கீரையும் ரொட்டியும் பிராங்கில். டாலர் கொடுத்தாலும் மீதிச் சில்லறை பிராங்கில் வரும். இப்போது எம்-பெசா, ஏர்டெல் மணி, ஆரஞ்சு மணி என்று கைபேசிப் பணமும் பரவிவிட்டது.

இதனை அடிமைப் புத்தி என்று இகழ்வாருண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. 1993 ஜனவரியில் மொபுட்டு அரசு ஐம்பது லட்சம் சயர் தாளைக் கொண்டு படைவீரர்களுக்குச் சம்பளம் கொடுத்தது. வணிகர்கள் அதை வாங்க மறுத்தனர். வெகுண்ட வீரர்கள் கின்ஷாசாவைச் சூறையாடினர். அவ்வாண்டு அக்டோபரில் முப்பது லட்சம் பழைய சயருக்கு ஒரு புதிய சயர் என்றார்கள். கசாய் மக்கள் அதையும் ஏற்காமல் பழைய தாள்களையே புழங்கினர். அரசு அச்சிட்டதை மறுக்கும் துணிவை அடிமைப் புத்தி என்று எவ்வாறு சொல்வது? 1999இல் லொரான் கபிலா அந்நியச் செலாவணிப் புழக்கத்துக்குத் தடை விதித்தார். 2001இல் அவர் மகன் ஆட்சியில் அது விலக்கப்பட்டது. ஆணையிட்டால் நம்பிக்கை வந்துவிடுமா, என்ன!

ஆயினும் நம் மனத்தை உறுத்துவது வேறொன்று. 2012இல் வந்த 20,000 பிராங்குத் தாள் அப்போது இருபது டாலருக்கு மேல் பெற்றது. இன்று பத்து டாலரைக்கூட எட்டாது. டாலரில் ஊதியம் பெறும் அலுவலருக்கு இந்தச் சரிவு ஒரு செய்தி, அவ்வளவே. மரவள்ளிக் கீரை விற்கும் பெண்ணுக்கோ இது பெட்டிக்குள் இருந்தபடியே தேயும் சேமிப்பு. கறாராக ஓரம் பார்த்து வாங்கும் அந்தக் கடைக்காரரை இப்போது நம்மால் நகைக்க இயலவில்லை. அவளும் அந்திவேளையில் தெருவோரத்து நாணய மாற்றுக்காரரிடம் பிராங்குக் கட்டைக் கொடுத்து ஒரு டாலர் தாளை வாங்குகிறாள். வாங்கியதும் வெளிச்சத்தில் பிடித்து நான்கு ஓரங்களையும் பார்க்கிறாள்.