மேசைக்கு மட்டுமா மன அழுத்தம்?

வாரத்துக்கு 90 மணி நேரம் உழைக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் விட்டுவைக்கக் கூடாது என்ற எல் அண்ட் டி நிறுவனத் தலைவரின் பேச்சு 2025 ஜனவரியில் நாட்டையே கொதிக்கவைத்தது. அம்மாத இறுதியில் வெளியான பொருளாதார ஆய்வறிக்கையும், மேசை முன் நாளொன்றுக்கு 12 மணி நேரமோ அதற்கு மேலோ அமர்வது மனநலத்தைக் கெடுக்கும் என எச்சரித்தது. மேசையே இல்லாதவரின் மனநலம் அந்த விவாதத்தில் பேசுபொருளாகவில்லை.

தென்காசி மாவட்டத்து ஆலங்குளம் வட்டாரத்தில் மானாவாரி நிலத்தோடு இரண்டு கறவை மாடுகளை வைத்துப் பிழைக்கும் குடும்பம் விடியுமுன் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் கறந்தாக வேண்டும். ஈன்ற பசு சுமார் 10 மாதம் கறந்து 2 மாதம் பால் வற்றி நிற்கும் என்றாலும், ஒன்று வற்றும்போது மற்றொன்று கறவையில் இருந்தால்தான் கைச்செலவு ஓடும் என்பதால், ஆண்டுக்கு 730 கறவை என்ற கணக்கில் ஒன்றுகூடக் குறைவதில்லை. ஒருவேளை தவறினால் பால் தேங்கி மடிநோய்க்கு வழியாகும். வேற்றாள் கை பட்டாலோ பல மாடுகள் பாலை அடக்கிக்கொள்ளும். துட்டி வீட்டுக்குப் போனவரும் மாலைக் கறவைக்குத் திரும்பிவிட வேண்டும். இந்த உழைப்பில் பெரும்பங்கு, கறவைக்கும் கறவைக்கும் இடையில் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றும் பெண்ணுடையது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை, தற்கொலை செய்துகொண்டோரில் 11,290 பேரை வேளாண் துறையினர் என்றும் 25,309 பேரை இல்லத்தரசிகள் என்றும் பிரிக்கிறது. பால் உற்பத்தியாளருக்கு அதில் தனிக் கட்டம் இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்றும் பெண் அந்த இரண்டாம் எண்ணுக்குள் கரைந்துபோவதைத் தடுக்க ஏதுமில்லை. எண்ணப்படாத துயரத்துக்கு எந்தத் துறை நிதி ஒதுக்கும்?

வருமானத்தின் நிலையும் நிம்மதி தருவதாக இல்லை. 4.3 விழுக்காடு கொழுப்பும், நீரும் கொழுப்பும் நீங்கலாக எஞ்சும் புரதம், சர்க்கரை, தாது உப்பு ஆகியவை சேர்ந்த 'இதர திடச்சத்து' 8.2 விழுக்காடும் இருந்தால்தான் ஆவின் 2022 நவம்பரில் அறிவித்த லிட்டருக்கு 35 ரூபாய் கிடைக்கும். குறைந்தால் விலையும் குறையும். 2023 டிசம்பரில் சேர்ந்த 3 ரூபாயும் ஊக்கத்தொகை என்ற பெயரில்தான் வந்தது. புண்ணாக்குக் கடைக்காரர் இப்படிச் சத்தை அளந்து விலையைக் குறைப்பதில்லை.

ஓய்வே இல்லாத இந்தக் கறவை உழைப்புக்குப் பின்லாந்தில் 1970களிலிருந்தே வழி கண்டிருக்கிறார்கள். அங்கே கால்நடை வளர்ப்போருக்கு ஆண்டுக்கு 26 நாள் விடுப்பு சட்டப்படியான உரிமை. அந்நாட்களில் கொட்டிலுக்கு வந்து கறக்கவும் தீவனம் வைக்கவும் பயிற்சி பெற்ற மாற்றாள் ஒருவரை உள்ளாட்சி நிர்வாகம் அனுப்புகிறது, செலவை அரசு ஏற்கிறது. வளர்ப்பவர் நோயுற்றால் தனியாக உதவி உண்டு. மாடு வளர்ப்பவருக்கும் ஓய்வு தேவை என்பதை ஓர் அரசு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஏற்றுக்கொண்டது. பின்லாந்து எங்கே, ஆலங்குளம் எங்கே என்று கேட்போர், அங்கும் பசுவுக்கு நான்கு காம்புதான் என்பதை மறந்தவர்கள். இங்கு நூறு நாள் வேலைக்குச் சட்டம் இயற்ற முடிந்ததே!

மத்திய அரசின் 14416 என்ற மனநல உதவி எண்ணைச் சுட்டிக்காட்டுவோருக்கு நீண்ட பதில் தேவையில்லை. அந்த எண் வேண்டும்தான். ஆனால் ஆலோசகர் ஓய்வெடுக்கச் சொன்னால், அன்று மாலை கறப்பது யார்? சங்கத்துக்கு ஒரு மாற்றுக் கறவையாளர், அவருக்கு ஆவின் ஊதியம், குடும்பத்துக்கு மாதம் இரண்டு நாள் விடுப்பு: இம்மூன்றும் கிடைத்தாலே இத்தொழிலின் மன உளைச்சல் குறைய வழி பிறக்கும். அதுவரை கால்நடைத் துறை மானியக் கோரிக்கையில் மனநலம் பற்றி எந்த அமைச்சரும் வாய் திறக்க வேண்டியதில்லை.