முதல்ல காரை எடுங்க!

ஜூன் பிறந்து சாரல் விழ ஆரம்பித்ததும் தென்காசிப் பக்கம் ஒரே கேள்விதான்: ''தண்ணி விழுதா?'' குற்றாலத்துக்குள் நுழைந்ததும் கேள்வி மாறிவிடும்: ''வண்டியை எங்கே போட?''

வருகிற எல்லோருக்கும் ஓர் ஆசை. கார்க் கதவைத் திறந்தால் மெயின் அருவித் தண்ணீர் நேரே தலையில் விழ வேண்டும்!

நானும் பழக்கடை அண்ணாச்சியிடம் கேட்டேன், ''கடை வாசல்ல நிறுத்தலாமா?''

''தாராளமா! மங்குஸ்தான் வாங்குத வரைக்கும் நிக்கட்டும். குளிச்சு, சாப்பிட்டு, தூங்கி எந்திச்சு வந்தீயன்னா எனக்கு எப்படி யாவாரம் நடக்கும்?''

நியாயம்தானே? அவருக்குக் கார் வரவும் வேண்டும், போகவும் வேண்டும். குற்றாலநாதரைத் தரிசிக்க வரும் பாட்டி கோயில் பக்கத்திலேயே இறங்க வேண்டும். உள்ளூர்க்காரருக்குத் தன் வீட்டு வாசல் வேண்டும். டவுன் பஸ்ஸுக்குத் திரும்ப இடம் வேண்டும். ஆம்புலன்ஸுக்கு வழி வேண்டும்.

கடைசியாகச் சொன்னது தமாஷ் இல்லை. 2024 மே 17-ல் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. அந்த மாதிரி நேரத்தில் ரோட்டை மறித்து நிற்கும் காரும் பாறையும் ஒன்றுதான்.

அதற்காகக் 'காரே வராதே' என்றால் அண்ணாச்சி எங்கே போவார்? ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் ஐகோர்ட் உத்தரவுப்படி இ-பாஸ் வந்தது. நமக்கு அவ்வளவு வேண்டாம். ஐயப்பசாமிகள் வழி போதும். 2018 வெள்ளத்தில் பம்பை சிதைந்த பிறகு, நிலக்கல்லில் வண்டியைப் போட்டுவிட்டு சுமார் 20 கிலோமீட்டர் பஸ்ஸில் போனார்கள். கார்த்திகையில் குற்றாலத்தில் வந்து குளிப்பதும் அதே சாமிகள்தான். தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர்தானே!

சீசன் சனி, ஞாயிறுகளில் ஊருக்கு வெளியே இலவசமாக நிறுத்த இடம். அங்கிருந்து அடிக்கடி பஸ். அருவிப் பக்கத்து இடம் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும். கடைக்கு வருபவர்களுக்கு முதல் அரை மணி சலுகை. அதற்கு மேல் மணிக்கு மணி கட்டணம் ஏறட்டும்.

கூட்ட நாளில் அருவியில் போலீஸ்காரர் விசில் ஊதி, ''குளிச்சாச்சுல்ல, நகருங்க'' என்கிறார். நகர்கிறோம். அருவியை யாரும் பட்டா போட முடியாது என்று தெரிகிறது. ரோட்டை மட்டும் ஏன் போடுகிறோம்?

இதையெல்லாம் அண்ணாச்சியிடம் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

''ரொம்ப நல்ல யோசனை. முதல்ல உங்க காரை எடுங்க... நீங்க பேச ஆரம்பிச்சே அரை மணி ஆச்சு!''